நியூயார்க்கில் ஓர் அறை, பரோடாவில் ஒரு பூங்கா

அண்ணல் அம்பேத்கரின் அயல்நாட்டுக் கல்வியைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பட்டங்களையே எண்ணுகிறோம். கொலம்பியாவில் எம்.ஏ., பிஎச்.டி.; லண்டனில் எம்.எஸ்சி., டி.எஸ்சி.; கிரேஸ் இன்னில் பாரிஸ்டர். ஒவ்வோர் ஏப்ரல் 14 அன்றும் மேடைகளில் இந்தப் பட்டியல் ஒப்பிக்கப்படுகிறது. அந்த ஆண்டுகளில் அவர் எங்கே தங்கினார், எதை உண்டார், யாரோடு ஒரே மேசையில் அமர்ந்தார், மாத இறுதியில் அவர் கையில் எவ்வளவு பணம் மீந்தது என்ற கேள்விகள் அரிதாகவே எழுகின்றன. அயல்நாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் நம்மிடம் கேட்பவை இத்தகைய கேள்விகளே. வாடகை, உணவு, தாமதமாக வரும் பணம், ஊரில் விட்டுவந்த குடும்பம். ஆகவே இம்முறை பட்டங்களைச் சற்று ஒதுக்கிவைத்து, அவற்றைப் பெற்ற மாணவரின் அன்றாடத்தைப் பார்க்கலாம் என்று கருதுகிறோம்.

1912இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் பயின்று பி.ஏ. முடித்த பீமராவ், 1913 ஜனவரியில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சேர்ந்த சில நாட்களிலேயே தந்தையின் உடல்நிலை மோசமடைந்த செய்தி எட்டியது. 1913 பிப்ரவரி 2 அன்று ராம்ஜி சக்பால் மறைந்தார். மகனின் படிப்புக்காகக் கடன் வாங்கியும் நகைகளை அடகு வைத்தும் புத்தகம் வாங்கித் தந்த தந்தை அவர். குடும்பத்தில் வருவாய் இல்லை. மனைவி ரமாபாயும் கைக்குழந்தை யஷ்வந்தும் இருந்தனர். இந்நிலையில்தான் பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் உதவித்தொகை வந்தது. மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்றாண்டுகள். 1913 ஜூன் 4 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. குறிப்பிட்ட பாடங்களைப் படித்து முடித்துத் திரும்பியபின் பரோடா அரசில் பத்தாண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. இந்த நிபந்தனையை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம்; பின்னர் இதற்குத் திரும்புவோம்.

ஜூலை மூன்றாம் வாரத்தில் அவர் நியூயார்க் சென்றடைந்தார். அப்போது அவருக்கு வயது 22. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி ஹால் விடுதியில் முதலில் இடம் கிடைத்தது. அங்கே ஒரு வாரத்துக்கு மேல் அவர் தங்கவில்லை. சமையல் ஒவ்வவில்லை, மாட்டிறைச்சி பரிமாறப்பட்டதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அங்கிருந்து மேற்கு 114ஆம் தெருவில் 554ஆம் எண்ணில் இருந்த காஸ்மோபாலிட்டன் கிளப்புக்கு மாறினார். இந்திய மாணவர்கள் சிலர் அங்கே தங்கியிருந்தனர். பிறகு மீண்டும் பல்கலைக்கழக வளாகத்துக்கே வந்து, லிவிங்ஸ்டன் ஹாலில் நவல் பாதேனா என்ற பார்சி மாணவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டார். இப்போது வாலக் ஹால் என்று பெயர் மாறியுள்ள அந்தக் கட்டடம் இன்றும் மாணவர் விடுதியாகவே இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாட்டிறைச்சி உண்ணும் உரிமைக்காக நீதிமன்றத்திலும் தெருவிலும் நிற்கும் நம்மில் சிலர், அவர் விடுதி மாறிய காரணத்தைச் சொல்லத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. கபீர் பந்தத்தைப் பின்பற்றிய தந்தையின் வீட்டில், உணவு ஒழுங்கு கண்டிப்பாக இருந்த சூழலில் வளர்ந்த இளைஞர் அவர். அதே மனிதர் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதோர் பற்றிய நூலில், மாட்டிறைச்சி உண்டதற்கும் தீண்டாமையின் தோற்றத்துக்கும் உள்ள தொடர்பை வரலாற்று வினாவாக எழுப்பினார். இடையே 35 ஆண்டுகள். மனிதர்கள் படித்து மாறுகிறார்கள், அவரும் அப்படித்தான்.

அந்த விடுதி அறை அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை அறிய, அதற்கு முந்தைய அறைகளை நினைக்க வேண்டும். சத்தாராவில் பள்ளி வகுப்பறையின் மூலையில், வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற சாக்குத்துணியில் தனியாக உட்கார வைக்கப்பட்ட சிறுவன். பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் இல்லாத நாளில் தாகம். பம்பாய் உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் போடக் கரும்பலகைக்கு அழைக்கப்பட்டபோது, பலகையின் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாக்களை எடுக்கச் சக மாணவர்கள் முண்டியடித்து ஓடினார்கள். இவை எல்லாம் நாம் அறிந்த நிகழ்வுகளே. ஆனால் நியூயார்க் விடுதியின் உணவுக்கூடத்தோடு சேர்த்து நாம் இவற்றை நினைப்பதில்லை. அங்கே உணவு பிடிக்கவில்லை என்று எழுந்து வேறிடம் செல்லும் தெரிவு அவருக்கு இருந்தது. உணவு நன்றாக இல்லை என்று குறை சொல்வதற்கும் ஒருவர் முதலில் மேசையில் இடம்பெற்றிருக்க வேண்டும். அதுவரை தண்ணீர்ப் பானையே எட்டாத தொலைவில் இருந்தவருக்கு அது புதிய நிலை.

பாதேனாவின் நட்பு இறுதிவரை நீடித்தது. இந்த நட்பை அம்பேத்கரின் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகக் கடந்து செல்வது பிழை என்பது நம் எண்ணம். பின்னாளில் பணமில்லாமல் தவித்தபோதெல்லாம் அவர் கைநீட்டியது இந்த அறைத்தோழரிடம்தான்.

படிப்பைப் பொறுத்தவரை, மூன்றாண்டுகளில் அவர் எடுத்துக்கொண்ட பாடங்களின் எண்ணிக்கை திகைப்பூட்டும். பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3. தொடக்கநிலைப் பிரெஞ்சும் ஜெர்மனும் தனி. எட்வின் செலிக்மன், ஜான் டூயி, ஜேம்ஸ் ஷாட்வெல், ஜேம்ஸ் ஹார்வி ராபின்சன் ஆகியோர் அவரது ஆசிரியர்கள். தம் வாழ்வின் மிகச்சிறந்த நண்பர்களுள் கொலம்பியாவின் வகுப்புத் தோழர்களையும் இந்தப் பேராசிரியர்களையும் பின்னாளில் அவரே குறிப்பிட்டார். நாளொன்றுக்கு 18 மணி நேரம் படித்தார் என்று வரலாற்றாசிரியர் தனஞ்செய் கீர் எழுதுகிறார். எஞ்சிய நேரத்தில் பழைய புத்தகக் கடைகள். ஏறத்தாழ 2,000 பழைய நூல்களை அந்நகரில் வாங்கினார் என்பதும் கீர் தரும் செய்தி.

இத்தனைக்கும் அவர் கையிலிருந்த பணம் எவ்வளவு? அன்று ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய் என்பது நிலைத்த மாற்று விகிதம். பதினொன்றரை பவுண்டு என்பது சுமார் 172 ரூபாய். அமெரிக்க நாணயத்தில் ஏறத்தாழ 56 டாலர். அதிலிருந்து அறை, உணவு, புத்தகம். அதிலிருந்தே பம்பாயில் ரமாபாய்க்கும் பணம் அனுப்ப வேண்டும். அதனால் அவர் சாப்பாட்டில் மிச்சம் பிடித்தார். நாடகம், மது, கேளிக்கை என்று அந்நகரம் மாணவர்களுக்கு விரித்துவைத்தவற்றில் பெரும்பாலானவற்றிலிருந்து விலகியே இருந்தார்.

அரசியலும் அழைத்தது. அப்போது நியூயார்க்கில் இருந்த லாலா லஜபதி ராய் இவரைத் தம் தன்னாட்சி இயக்கத்துக்குள் இழுக்க முயன்றார். படிப்பு முடியும்வரை அதில் ஈடுபடுவதில்லை என்று இவர் விலகிக்கொண்டார். உதவித்தொகையில் வந்த மாணவரின் எச்சரிக்கை என்று மட்டும் இதைப் பார்ப்பது போதாது. வெள்ளையரிடமிருந்து தன்னாட்சி கேட்டவர்கள் தம் வீட்டுக் கிணறுகளைப் பற்றி என்ன சொன்னார்கள் என்ற கேள்வி அந்த மாணவரின் மனத்தில் இருந்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

1916 மே 9 அன்று, மானுடவியலாளர் அலெக்சாண்டர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளின் இயக்கம், தோற்றம், வளர்ச்சி குறித்த கட்டுரையை வாசித்தார். சாதி என்பது மூடப்பட்ட வர்க்கம். அகமணமுறையே அதன் உயிர்நாடி. உடன்கட்டை, கட்டாய விதவைநிலை, குழந்தைமணம் ஆகிய மூன்றும் அகமணத்தைக் காப்பதற்கான கருவிகள் என்று அக்கட்டுரை நிறுவியது. அப்போது அவருக்கு வயது 25. இந்தியாவில் எந்த வகுப்பறையில், எந்தப் பேராசிரியர் முன்னிலையில் அவர் அன்று இதை வாசித்திருக்க முடியும்? சாதியை அன்றாடம் சுமந்துகொண்டே இருப்பவருக்கு அதை மேசைமேல் வைத்துப் பிரித்துப் பார்க்க ஓய்வும் இடமும் கிடைப்பதில்லை. கொலம்பியாவின் ஓர் அறையும் ஒரு நூலகமும் அந்த ஓய்வைத் தந்தன.

1916 அக்டோபரில் லண்டன் சென்று லண்டன் பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். ஆனால் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. பரோடா அவரைத் திரும்ப அழைத்தது. நான்காண்டுகளுக்குள் வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியை மட்டும் பெற்றுக்கொண்டு, 1917இல் போர்க்காலக் கடலைக் கடந்து ஊர் திரும்பினார். தனிக் கப்பலில் அனுப்பிய அவரது உடைமைகள் எதிரித் தாக்குதலில் மூழ்கின.

அடுத்து நிகழ்ந்ததை அவரே எழுதிவைத்திருக்கிறார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கழித்த ஆண்டுகள், தாம் தீண்டப்படாதவர் என்ற உணர்வையே தம் மனத்திலிருந்து துடைத்துவிட்டிருந்தன என்றும், பரோடா நிலையத்தில் இறங்கியபோது எங்கே தங்குவது என்ற கேள்வி அதைத் திரும்பக் கொண்டுவந்தது என்றும் அவர் நினைவுகூர்கிறார். இந்து விடுதிகள் அவரை ஏற்கா. ஒரு பார்சி சத்திரத்துக்குச் சென்றார். பார்சி அல்லாதவருக்கு அங்கே இடமில்லை. பொறுப்பாளரோடு பேசி, பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொள்ள ஒப்புக்கொண்டு, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய்க்கு மாடியில் இடம் பெற்றார். வேறு விருந்தினர் எவரும் இல்லாத, பழைய சாமான்கள் குவிந்த, இருண்ட கூடம் அது. பகலில் அலுவலகம், இரவில் அந்தத் தனிமை. பதினோராம் நாள் காலை, கையில் தடியோடு ஒரு டஜன் பார்சிகள் வந்து மாடிப்படியில் நின்றார்கள். மாலைக்குள் காலி செய்ய வேண்டும் என்றார்கள். இந்து நண்பர் ஒருவரை அணுகினார். வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் அவர். கிறித்தவ நண்பரை அணுகினார்; மனைவியைக் கேட்டுச் சொல்வதாகப் பதில் வந்தது. இரவு ரயில் வரும்வரை காமாட்டி பாக் என்ற பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பம்பாய்க்குப் புறப்பட்டார்.

லிவிங்ஸ்டன் ஹாலில் அறையைப் பகிர்ந்தவரும் பார்சி. பரோடாவில் தடியோடு வந்தவர்களும் பார்சிகள். நாம் இதை ஒரு சமூகத்தின் மீதான குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. சாதி இந்துக்களிடம் மட்டும் தங்கிவிடுவதில்லை. அது மண்ணில் இருக்கிறது, அந்த மண்ணில் வாழும் எல்லோரையும் பிடிக்கிறது என்பதைத் தாம் அங்கேதான் கற்றதாக அவரது எழுத்து உணர்த்துகிறது.

பத்தாண்டுப் பணி என்ற அந்த ஒப்பந்தத்துக்கு வருவோம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆவது பிரிவு, நிறைவேற்ற இயலாத செயலுக்கான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஊழியருக்குத் தலைசாய்க்க இடமில்லாத நகரத்தில் பணி செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் அந்தப் பிரிவின் கீழ் வருமா என்று சட்ட மாணவர்களிடம் நாம் கேட்பதுண்டு. வாதிட்டு வெல்வது எளிதன்று. வாதிட்டுப் பார்க்க வேண்டிய வழக்கு. மன்னர் செலவழித்து உலகின் சிறந்த பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்க வைத்தார். அந்த மன்னரின் தலைநகரில் அவருடைய அதிகாரிக்கு ஓர் அறை வாங்கித் தர அந்த அரசால் முடியவில்லை.

பிறகு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் மாதம் 450 ரூபாய்ச் சம்பளத்தில் பேராசிரியர் பணி. ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்கு அங்கேயும் எதிர்ப்பு எழுந்தது. சம்பளத்தில் சேமித்தது, கோல்ஹாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவி, பாதேனாவிடம் பெற்ற 5,000 ரூபாய்க் கடன் ஆகியவற்றோடு 1920 ஜூலையில் மீண்டும் லண்டன் புறப்பட்டார். இம்முறை உதவித்தொகை இல்லை.

இரண்டாம் லண்டன் வாழ்க்கையே மிகக் கடுமையானது. விடுதி நடத்திய பெண்மணி கறாரானவர். காலையில் ஒரு துண்டு ரொட்டி, சிறு மீன் துண்டு, ஒரு கோப்பை தேநீர். பேருந்துக் காசை மிச்சப்படுத்த நடந்தே பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்துக்குச் சென்று, மூடும்வரை படிப்பார். மதிய உணவு பெரும்பாலும் இல்லை. இரவில் ஒரு கோப்பை போவ்ரில். பசி தாங்காவிட்டால் நண்பர் ஒருவர் கொடுத்த அப்பளங்களில் சிலவற்றைச் சுட்டு உண்பார். பிறகு விடியும்வரை மீண்டும் புத்தகம். போவ்ரில் என்பது மாட்டிறைச்சிச் சாறு. 1913இல் மாட்டிறைச்சி பரிமாறிய விடுதியை ஒரே வாரத்தில் விட்டு வெளியேறியவரின் தெரிவுகளை 1920இல் வறுமை முடிவு செய்தது.

அந்த நாட்களில் அவர் எழுதிய ஆய்வேட்டின் பொருள் ரூபாயின் சிக்கல். இதைத் தற்செயல் என்று கொள்ள நமக்கு மனம் வரவில்லை. 1920இன் தொடக்கத்தில் 2 ஷில்லிங் 8 பென்சைத் தாண்டி உயர்ந்த ரூபாய், 1921இல் 1 ஷில்லிங் 4 பென்சுக்கும் கீழே சரிந்தது. பம்பாயில் ரூபாயாகச் சேமித்து லண்டனில் பவுண்டாகச் செலவழிக்க வேண்டிய மாணவருக்கு, இதன் பொருள் கையிலிருந்த சேமிப்பு பாதியாகிவிட்டது என்பதே. நாணயக் கொள்கையை அவர் படித்தது நூலகத்தில் மட்டுமல்ல, அப்பளங்களை எண்ணிச் சுட்ட இரவுகளிலும் என்று சொன்னால் மிகையாகாது. 1922 அக்டோபரில் அளித்த அந்த ஆய்வேட்டை ஆய்வாளர்கள் திருத்தச் சொன்னார்கள். அதற்குள் கையிருப்பு தீர்ந்து அவர் ஊர் திரும்ப நேர்ந்தது. திருத்திய வடிவம் ஏற்கப்பட்டு 1923இல் பட்டம் கிடைத்தது. கொலம்பியாவின் பிஎச்.டி. இன்னும் தாமதம், அச்சிட்ட நூலை அளித்த பிறகு 1927இல்தான் வந்தது. பணமில்லாத மாணவரின் பட்டங்கள் வரிசையாக வருவதில்லை.

இந்தக் கணக்கின் மறுபக்கம் பம்பாயின் பரேலில், ஒரு சால் குடியிருப்பில் இருந்தது. ரமாபாய் பெற்ற ஐந்து குழந்தைகளில் நால்வர் சிறுவயதிலேயே இறந்தனர். யஷ்வந்த் மட்டுமே பிழைத்தார். கணவர் லண்டன் நூலகத்தில் இருந்தபோது குடும்பத்தை வறுமையில் தாங்கியவர் அவர். நியூயார்க்கிலிருந்து தந்தையின் நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில், பெண்கல்வி ஆண்கல்வியோடு சேர்ந்து நடந்தால்தான் சமூகம் விரைந்து முன்னேறும் என்று இளைஞர் பீமராவ் வலியுறுத்தியிருந்தார். அந்த மடலை எழுதியவரின் மனைவிக்கு முறையான கல்வி வாய்க்கவில்லை. இதை மறைத்து நாம் அவரது மாணவப் பருவத்தை எழுத முடியாது.

இன்றைக்கு வருவோம். பட்டியலின மாணவர்கள் அயல்நாட்டில் படிக்க ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. 2022இல் வெளியான அதன் வழிகாட்டு நெறிமுறை, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு உதவித்தொகை இல்லை என்றது. இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு கொலம்பியா மாணவர் பீமராவின் விண்ணப்பத்தைப் பரிசீலித்துப் பாருங்கள். பண்டைய இந்தியாவின் வணிகம் குறித்த ஆய்வு: தள்ளுபடி. இந்தியச் சாதிகள் குறித்த கட்டுரை: தள்ளுபடி. இந்தியாவின் தேசிய ஈவு குறித்த வரலாற்று, பகுப்பாய்வு ஏடு: அதிகாரியின் விருப்பம். இந்தியா பற்றிய ஆய்வுக்கு அயல்நாடு எதற்கு என்பது விதிக்குச் சொல்லப்பட்ட நியாயம். 1916 மே மாதக் கருத்தரங்கு அறையும் 1917 பரோடாச் சத்திரமும் அதற்குப் பதில் சொல்கின்றன.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். 1913இன் நியூயார்க்கில் இந்தியர்கள் மிகச் சிலர். இன்றைய மாணவர் சென்று இறங்கும் நகரத்தில், அறையைப் பகிர்பவர் பெரும்பாலும் மற்றோர் இந்தியர். குலப்பெயரும் உணவும் ஊரும் விசாரிக்கப்படும். சியாட்டில் மாநகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்ற நேர்ந்தது இதனால்தான். பீமராவுக்கு நியூயார்க் தந்த மறதி இன்றைய மாணவருக்கு உறுதியில்லை. விண்ணப்பத்தோடு நம்மிடம் வருபவர்களிடம், சேரவிருக்கும் பல்கலைக்கழகத்தின் பாகுபாட்டு எதிர்ப்புக் கொள்கையில் சாதி இடம்பெற்றிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்கிறோம்.

1925இல் நூலாக வந்த தம் கொலம்பியா ஆய்வேட்டை, கல்விக்குச் செய்த உதவிக்கு நன்றியாகப் பரோடா மன்னருக்கு அவர் காணிக்கையாக்கினார். அந்நகரத்தில் நேர்ந்ததற்குப் பின்னும் அந்தக் கடனை அவர் மறுக்கவில்லை. 1952 ஜூனில், 61 வயதில், மதிப்புறு டாக்டர் பட்டம் பெறக் கொலம்பியாவுக்குச் சென்றார். பழைய ஆசிரியர் டூயியைச் சந்திக்கும் ஆவலோடு புறப்பட்டவருக்கு, விமானம் ரோமில் இருந்தபோது டூயி மறைந்த செய்தி கிடைத்தது. நியூயார்க்கிலிருந்து மனைவி சவிதாவுக்கு எழுதிய மடலில் தம் துயரைச் சொல்லி, தம் அறிவு வாழ்வு முழுவதற்கும் அந்த ஆசிரியருக்குக் கடன்பட்டிருப்பதாகக் குறிப்பிட்டார். ஜூன் 5 அன்று பட்டம் வழங்கப்பட்டது.